சாமி அலமாரியில் மேடம்

எங்கள் வீட்டில் புத்தகத்துக்கு ரொம்ப மரியாதை. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைப்போம். திறந்து படிப்பது மட்டும்தான் கிடையாது. (நான் எட்டாவது வரைக்கும் போனவள். அதற்கு மேல் சாமி விட்ட வழி.)

இரண்டாயிரத்துக்குப் பக்கத்து வருஷம். காலடிப்பேட்டையில் நாங்கள் சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஊறுகாயும் சாம்பார் பொடியும் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். தொழில் செய்யும் பெண்களுக்கு என்று ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். மேடையில் இருந்த பெண் முதலாளிகள் ஆளுக்கொரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அவசியம் படிக்கச் சொன்னார்கள். நான் பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எண்ணூர் பக்கம் டப்பா கம்பெனி நடத்தும் மேடம் மட்டும் பெயரோடு விடவில்லை. புத்தகத்தையே கையில் கொடுத்துவிட்டார்.

"படிச்சு வைங்க. ஒருநாள் வீட்டுக்கு வந்து சமையல்கட்டைப் பார்ப்பேன், இதுல கேள்வியும் கேட்பேன். திருப்தியா இருந்தா எங்க கேன்டீன் ஆர்டர் உங்க குழுவுக்குத்தான்."

குழுவில் அத்தனை பேரும் அந்த ஆர்டரைத்தான் நம்பியிருந்தோம். நான் என்ன செய்தேன்? சமையல்கட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். புத்தகத்தைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. படிக்கத்தான் இல்லை, பூஜையிலாவது வைப்போம் என்று எடுத்தால் பகீரென்றது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரம்மா, ஷூ போட்ட காலை மேசைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். சாமி முன்னால் ஷூவா! திருப்பி வைத்தேன். பின்னட்டையில், 'ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டிய புத்தகம்' என்று நம் மேடம் சொல்லியிருந்த வரிக்கு மேல் அவருடைய படம். பட்டுப்புடவையில் லட்சணமாக இருந்தார். சுமங்கலி நெற்றி வெறுமையாக இருக்கலாமா? சந்தனம், குங்குமம் வைத்தேன். மிச்சமிருந்த மல்லிகையைச் சுற்றினேன். விளக்கையும் ஏற்றினேன். எங்கள் ஒற்றை அறை வீட்டில் சாமிக்கும் காலமான மாமனாருக்கும் ஒரே அலமாரி. மேடத்துக்கு மாமனார் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

சாயங்காலம் சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, கிண்ணத்தோடு அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"யாருக்கா இது? ஷோக்கா கீறாங்கோ. பாவம், இன்னா ஆச்சு?"

"எங்க மேடம்டி அது."

"மேடம்னா சாவு வராதா? எப்போக்கா பூட்டாங்கோ?"

"உள்ளே வரலாமா?" என்றது வாசலில் ஒரு குரல்.

கம்பெனியில் ஆயுத பூஜையை முடித்துக்கொண்டு, போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்த மேடம்! கன்னியம்மா வாசலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"யம்மாடியோ, வந்துட்டாங்கோ!"

கிண்ணம் பறந்தது. மேடத்தின் கொண்டையில் கடலை ஒன்று உட்கார்ந்துகொண்டது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கண் அலமாரியிலேயே நின்றது. பூ, விளக்கு, பக்கத்தில் என் மாமனார்.

"நான்... உயிரோடதாம்மா இருக்கேன்."

ஹார்பரில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல அந்தப் பூவை எடுங்க," என்றார் மேடம்.

என் வாய் சும்மா இருந்ததா? "பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும் மேடம். சாமி குத்தமாயிடும்."

"அடியே, ஆர்டர் பூடும்டி!" என்று முனகினார் வீட்டுக்காரர்.

"சரி, புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"பூஜையில இருக்கறத எப்படி மேடம்..."

"அதுக்கு முன்னாடி?"

நான் திரும்பி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

மேடம் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். சமையல்கட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாளைக்கு அதை எடுத்ததும் முதல் பக்கத்துலேருந்து படிங்க. முடிச்சுட்டு நேர்ல வந்து சொல்லுங்க. அப்புறம்தான் ஆர்டர்." படியிறங்கப் போனவர் திரும்பினார். "வரும்போது பூ வாங்கிட்டு வராதீங்க."

விஜயதசமியன்று ஆரம்பித்தேன். அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியைப் போய் ஒப்பித்தேன். சாமி புண்ணியத்தில் ஆர்டர் கிடைத்தது.

இன்றைக்கும் மேடம் புதிதாக எதைப் படித்தாலும் எனக்குப் போன் செய்து படிக்கச் சொல்வார். முதலில் எடுப்பது என் பெண். போனைக் கையால் மூடக்கூட மாட்டாள். வீடே அதிரக் கத்துவாள்:

"யம்மா, சொர்க்கத்துலேருந்து மேடம் பேசுறாங்கோ!"