நான்காம் இயலில் இறங்கிய நிலா

என்னுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயலை நான் தூங்கிக்கொண்டே ஆராய்ந்தேன். இதை உருவகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணை மூடி, வாயைத் திறந்து, தலையைப் புளியமரத்தில் சாய்த்து, முறைப்படி தூங்கினேன். அந்தத் தூக்கத்திலிருந்து அறுபத்திரண்டு பக்கங்கள் கிளம்பின, அடிக்குறிப்புகளோடு.

(அடிக்குறிப்புகளை விழித்திருந்தபோதுதான் சேர்த்தேன். அந்த அளவு நேர்மை எனக்கு எப்போதும் உண்டு.)

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. உத்திரமேரூரில் குடியிருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளனாகப் பதிந்து ஐந்தாண்டுகள் ஓடியிருந்தன. இன்னும் இரண்டாண்டுக்குள் பட்டம் வாங்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி நிர்வாகம் அன்பாகச் சொல்லியிருந்தது. தலைப்பு, ஏரிக்கரை மக்களின் வாய்மொழிக் கதைகள். என் மனைவி காவாந்தண்டலத்து விவசாயக் குடும்பத்துப் பெண். “கதை கேக்கறதுக்கு ஒரு படிப்பா? எங்கூர்ல சும்மாவே கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பாள்.

அப்படி ஒரு சித்திரை மாதத்தில் மானாம்பதிப் பக்கம் போனேன். ஊர் முடிகிற இடத்தில் இருளர் குடியிருப்பு. அங்கே கன்னியம்மாவைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நன்றாகப் பேசுவார் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். அறுப்பு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“நாஷ்டா துன்னியா சார்?” என்றார்.

“ஆச்சும்மா.”

“வூட்டாண்ட ஒரே சத்தமா கீது. ஏரிக்கரைக்கு வா. மொதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்றேன். பொறுமையா கேக்கணும்.”

பொறுமை என்றதும் எனக்குப் பரம சந்தோஷம். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி, இருவருக்கும் நடுவில் ஒரு கல்லின்மேல் வைத்தேன். கன்னியம்மா பேச ஆரம்பித்தார். ஏரியில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. அதன்மேல் வெயில் நெளிந்தது. எதிர்க்கரைப் பனைமரங்கள் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பதுபோல் இருந்தன. கன்னியம்மாவின் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக, ஆட்டாத தொட்டில் தானாக ஆடுவதுபோல் போய்க்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். பிறகு தலை தானாகவே ஆடியது.

நடுப்பகலில் நிலா ஏரிக்குள் இறங்கிற்று. சத்தமே இல்லை. வெளியே போக மதகின் வழி தெரியாமல், கலங்கிய தண்ணீரில் வெள்ளையாக நின்றது. ஒரு பெண் முறத்தோடு வந்து அதைத் துண்டு துண்டாக அள்ளினாள். ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே போனாள். வைத்த இடத்திலெல்லாம் நெல் ஒரு முழம் நிமிர்ந்தது. கடைசித் துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. அதை என்னிடம் நீட்டி, “எழுதிக் குடு, எழுதிக் குடு” என்றாள்.

விழித்துப் பார்த்தபோது கன்னியம்மா எழுந்து சேலையில் ஒட்டிய புளிய இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். “அவ்ளோதான் சார். எல்லாம் சொல்ட்டேன். இனிமே உன் கையிலதான் கீது.”

“நிச்சயமாக” என்றேன், கடைவாயைத் துடைத்துக்கொண்டு.

பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால், கைப்பேசியில் ஒன்றுமே பதிவாகவில்லை. பொத்தானை அழுத்தியதாக நினைத்திருக்கிறேன், அழுத்தவில்லை. மறுநாளே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வெயில், இரண்டு பேருந்து, நெறியாளர் கொடுத்த கெடு. தவிரவும் கதைதான் அப்படியே கண்முன் நின்றதே! அது கனவு என்று அப்போது எனக்குத் தெரியாது. (தெரியும். ஆனால் முழுதாகத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.)

எழுதினேன். நிலா என்பது நீர் உரிமை. முறம் என்பது பெண்ணுழைப்பு. இனி அந்த ‘எழுதிக் குடு’. உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் புகழ்பெற்ற கல்வெட்டு இருப்பதால், எதைக் கண்டாலும் அதில் கொண்டுபோய் முட்டுவோம். ‘எழுதிக் குடு’ என்பது கல்வெட்டு மரபின் வாய்மொழி எதிரொலி என்று பன்னிரண்டு பக்கம் நிறுவினேன்.

நெறியாளர் பழைய காலத்துப் பேராசிரியர். எங்கள் துறையில் எல்லோரும் அவரை ‘ஐயா’ என்போம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இருபது வருஷமா இப்படி ஒரு கதைக்காகத்தான்யா காத்துக்கிட்டிருந்தேன்” என்றார். நான் தரையைப் பார்த்தேன். அதை அவர் அடக்கம் என்று புரிந்துகொண்டார்.

அதன் பிறகு அந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. ஐயா மூன்று கருத்தரங்குகளில் அதைச் சொன்னார். மாணவியர் விடுதியில் ஆண்டு விழாவுக்கு நாட்டியமாக ஆடினார்கள். நிலாவாக வந்த பெண்ணுக்குத்தான் கைதட்டல் அதிகம். காண்டீன்காரர் டீ ஆற்றியபடி என்னிடமே அதைச் சொல்லி, “உங்க ஊர்ப்பக்கத்துக் கதையாம் சார், கேட்டதில்லையா?” என்றார். நூலக உதவியாளர் சொன்ன கதையில் ஒரு முதலை சேர்ந்திருந்தது. பல்கலைக்கழக வளாகத்தின் வேப்பமர நிழல்களில், மாலை வெளிச்சத்தில், யாராவது இருவர் தலைசாய்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அதைத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நாளாக ஆக எனக்கே சந்தேகம் போய்விட்டது. முதலைக் கதையை ‘வேற்று வடிவம்’ என்று பின்னிணைப்பில் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் அது பொதுத்தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். எனவே ஆய்வாளர்கள் ஒரு முன்னேற்பாடு செய்வது வழக்கம். கேட்கவேண்டிய கேள்விகளை நாமே துண்டுச்சீட்டில் எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் செய்கிற கைம்மாறு அது. பதினோரு வருடமாக விடுதியிலேயே வாழ்ந்த தணிகாசலம் என்ற ஆய்வாளரிடம் மூன்று கேள்விகள் கொடுத்திருந்தேன். பதில்களையும் கொடுத்திருந்தேன், நான் மறந்தால் எடுத்துக்கொடுக்க.

எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது.

“அந்தக் கன்னியம்மாவைக் கூட்டிட்டு வாய்யா. பொன்னாடை போர்த்துவோம். வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் அசந்துபோயிடுவார்.”

அசந்துபோனது நான். இரண்டு வருடமாக மானாம்பதிப் பக்கமே போகவில்லை. தயங்கித் தயங்கிப் போய் அழைத்தேன். வர மறுத்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

“கண்டிப்பா வரேன் சார்” என்றார் கன்னியம்மா. “எனக்கும் அங்க ஒரு வேல கீது.”

அன்று நான் புது வேட்டி சட்டையில், மேடையில் மிதந்துகொண்டிருந்தேன். மின்விசிறிகள் சுழல, என் குரலே எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. முன்வரிசையில் மனைவி. பக்கத்தில் பொன்னாடையோடு கன்னியம்மா. தெற்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நான்காம் இயலைத்தான் விரித்து வைத்திருந்தார். ஒல்லியான, மிருதுவாகப் பேசுகிற மனிதர். தணிகாசலம் இரண்டு கேள்விகளை ஒப்பித்துவிட்டு மூன்றாவதற்குச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் கன்னியம்மா எழுந்து நின்றார்.

“நானும் கேக்கலாமா சார்?”

“தாராளமாகக் கேளுங்கள்” என்றார் தேர்வாளர், மகிழ்ந்துபோய்.

“அந்தப் பொஸ்தகத்துல என் பொண்ணு பேரு எந்தப் பக்கத்துல கீது?”

தேர்வாளர் உண்மையாகவே தேடினார். “என்ன பெயரம்மா?”

“ராசாத்தி.”

பின்னிணைப்பு வரை புரட்டினார். “அப்படி யாரும் இல்லையே.”

“இன்னா சார் இது!” என்று கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். “காலேஜ்ல சேர சாதி சான்று வேணும், மனு எழுதிக் குடுன்னு ஒரு மணி நேரம் சொன்னேனே! எங்க மாமியா பேரு, அவங்க எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க, எல்லாம் சொன்னேனே! அப்போ பத்தாவது படிச்சா. இப்போ பன்னண்டே முடிச்சிட்டா. பெரிய எடம், நாளாவும்னு வாய மூடிக்கினு இருந்தேன். மனுவுக்கு இம்மாம் பெரிய பொஸ்தகம் போட்டுக்கீறாரேன்னு இப்பதான் பெருமயா நெனச்சிக்கினு கீறேன்.”

தேர்வாளர் பின்னிணைப்பிலிருந்து மறுபடி நான்காம் இயலுக்குப் புரட்டினார்.

“அப்படியானால்... அந்த நிலாக் கதை?” என்றார் தேர்வாளர்.

“பட்டப்பகல்ல நெலாவப் பத்தி நான் ஏன் சார் பேசப்போறேன்?”

“பிறகு இவருக்கு யார் சொன்னது?”

“அது எனக்கெப்படித் தெரியும்? பாதியில திரும்பிப் பாத்தா சார் தூங்கறாரு. எழுப்பலாம்னுதான் பாத்தேன். பாவம், வெயில்ல வந்த மனுசன். மிஷினு முழிச்சிக்கினுதானே கீதுன்னு மிச்சத்த அதுங்கிட்ட சொன்னேன்.”

என்னால் அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. தூங்குகிற என்னை எழுப்ப மனமில்லாமல், அணைந்து கிடந்த ஒரு கைப்பேசியிடம் தன் மகளின் வருங்காலத்தை ஒரு பெண் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று, ஏழு வருடம் போயிற்று, மனைவியின் முகத்தைப் பார்க்கும் துணிச்சலும் போயிற்று. “ஆமாம், தூங்கிவிட்டேன்” என்றேன். என் ஆய்வு முழுவதிலும் சான்று தேவைப்படாத ஒரே வாக்கியம்.

ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று கருத்தரங்குகள் அவர் கண்முன் போயிருக்கும்.

“மற்ற நான்கு இயல்களையும் விழித்திருந்துதானே எழுதினீர்கள்?” என்றார் தேர்வாளர்.

“சத்தியமாக.”

“அவற்றைப் படிக்கும்போது விழித்திருக்க எனக்குத்தான் சிரமமாக இருந்தது. ஆனாலும் குறை சொல்ல முடியாது.” புத்தகத்தை மூடினார். “இந்த இயலை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். அதற்கு முன் ஒரு நிபந்தனை. இந்த அம்மா கேட்ட மனுவை இப்போதே, இந்த அரங்கிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.”

நான் தாளை எடுத்தேன். கன்னியம்மா மறுபடி மொதல்லேர்ந்து சொன்னார். இந்த முறை நான் கண்ணை இமைக்கவே பயந்தேன். அதற்குள் மொத்த அரங்கும் என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. அதில் முனைவர்களே ஆறு பேர். ‘விடுநர்’ என்று தொடங்கவேண்டும் என்றார் ஐயா. ‘அனுப்புநர்’தான் சரி என்றார் தேர்வாளர். (இரு தரப்பிலும் சான்றுகள் காட்டப்பட்டன.) தணிகாசலம் ‘தொல்குடி’ என்ற சொல்லின் வரலாற்றை ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். முதல் வாக்கியம் பதினோரு வரிக்கு நீண்டது. அதற்கு ஒரு வினைமுற்று வருவதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. கடைசியில் ஐயா எழுந்து நின்று உரக்கப் படித்தார். அவரது மணிக்குரலில் அந்த மனு கோபுரத்து மணிபோல் அதிர்ந்து, அரங்கின் ஜன்னல் வழியே வேப்பமரங்களுக்குள் போனது. சிலர் கண் கலங்கினார்கள்.

“நல்லா பாட்டு மாதிரி கீது” என்றார் கன்னியம்மா. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பட்டம் வந்தது. வேலையும் நிலைத்தது. வீட்டில் மனைவி பேசும்போது நான் சற்றே கண்ணை மூடினால் போதும், “இன்னா, நாலாவது இயல் ஓடுதா?” என்பாள். எங்கள் பிள்ளைகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். விருந்தாளிகளுக்கு அர்த்தம் சொல்கிற பொறுப்பு மட்டும் என்னுடையது. பல்கலைக்கழகத்தில் அந்தக் கதை இன்னும் உலவுகிறது என்று கேள்வி. இப்போது முதலை பேசுகிறதாம்.

ராசாத்திக்குச் சான்றிதழ் கிடைத்து, அந்த ஆண்டே காஞ்சிபுரத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். செய்தி கேட்டு, ஒரு கிலோ இனிப்போடு மானாம்பதிக்குப் போனேன். நன்றி சொன்னால் எப்படிக் கூச்சப்படுவது என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

“எங்கள் மனு வேலை செய்தது, இல்லையா?” என்றேன்.

கன்னியம்மா இனிப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். “ஆபீசுக்கு எதிர்க்க மேஜ போட்டுக்கினு மனு எழுதுவாரே ஒருத்தரு, உள்ள போறதுக்கு முன்ன அவராண்ட காட்னேன் சார். ரெண்டு தபா படிச்சாரு. மடிச்சி என் கையிலயே குடுத்துட்டு, வேற தாள எடுத்து ஏயு வரி எழுதிக் குடுத்தாரு. அதான் உள்ள போச்சு.”

“எங்களுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?”

சற்றுத் தயங்கினார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

“‘இத எழுதுனவரு யாரோ பாவம், படிப்பு ஏறல போலக் கீது. பொண்ணயாவது நல்லா படிக்க வைம்மா’ன்னாரு.”