சங்கு மாமாவும் பதினோரு ஜோடி பூட்ஸும்

சங்கு மாமாவை விடப் பிடிவாதமான மனிதர் ஒருவர் உலகத்தில் இருந்தால், அவர் படத்தைக் காலண்டரில் போட்டுக் கும்பிடலாம். பாம்பனில் எங்கள் ஃபுட்பால் டீம் கோல் போட்டால் மைதான ஓரத்தில் நின்று சங்கு ஊதுவார். எதிராளி போட்டாலும் ஊதுவார். அது சாவுச் சங்கு. தொழில், வள்ளங்களின் பலகை வெடிக்காமலிருக்க மீனெண்ணெய் பூசுவது. ஐம்பது வயது வரை செருப்பே போட்டதில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். லீக் கமிட்டி ஒரு சட்டம் போட்டது. இனி வெறுங்காலோடு யாரும் ஆடக் கூடாது. பூட்ஸ் இல்லாத டீம் லீக்கிலிருந்தே நீக்கப்படும். அப்போது நான்தான் டீம் செக்ரட்டரி, ஐஸ் கம்பெனியில் குமாஸ்தா.

மாமா கொதித்துப் போனார். "மணல்ல ஆடுறவனுக்கு எதுக்குலே பூட்ஸு? அப்புறம் மீனுக்குக் குடை புடிக்கச் சொல்லுவானுக."

கமிட்டித் தலைவர் ரயிலில் வந்த அன்று மாமா ரசிகர்கள் இருநூறு பேரைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்து, பெட்டியைப் பார்த்துக் காலை நீட்டச் சொன்னார். "இந்தக் காலுல என்ன கொறைன்னு சொல்லிட்டு எறங்குங்கய்யா." கால் வைக்க இடமில்லாமல் தலைவர் அதே ரயிலில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து தந்தி வந்தது: சட்டத்தில் மாற்றமில்லை.

வேறு வழியின்றி மதுரையிலிருந்து பதினோரு ஜோடி வரவழைத்தோம். தோல் மரக்கட்டையாக விறைத்திருந்தது. எங்கள் லெஃப்ட் அவுட் மிக்கேல் இரண்டு சுற்று ஓடிவிட்டு உட்கார்ந்தான், குதிகாலில் கொப்புளம். டீமே நொண்டியது. மாமா ஒவ்வொருத்தன் குதிகாலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாத்தையும் கடல்ல வீசுவேன்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர் அவர். பூட்ஸை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலையில் பூட்டு உடைந்து கிடந்தது. பூட்ஸும் இல்லை, மாமாவும் இல்லை. குருசடைத் தீவுப் பக்கம் அவர் வள்ளத்தைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வீசியாயிற்று என்று முடிவு கட்டினோம். ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது; மறுபடி பூட்ஸ் வாங்க நாதியில்லை.

ஆட்டத்தன்று ரெஃபரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பத்து நிமிஷம். பூட்ஸ் வரலேன்னா லீக்ல பாம்பன் பேரே இருக்காது."

அப்போதுதான் பார்த்தேன். மைதானத்தின் நட்டநடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் மாமா, மடியில் சங்கோடு. எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆத்திரத்தோடு ஓடினேன்.

"மாமா, டீமையே அழிச்சுப்புட்டீகளே."

"ஏலே, கத்தாத. இங்கனதான் கெடக்கு."

அவர் உட்கார்ந்திருந்ததே பூட்ஸ் மூட்டை மேல்தான். உருவிப் பிரித்தால் குப்பென்று மீனெண்ணெய் நாற்றம். ஆனால் தோல் துணியாக மடங்கியது. மிக்கேல் போட்டுப் பார்த்து நம்ப முடியாமல் சொன்னான்: "அண்ணே, கடிக்கவே இல்ல."

ரெஃபரி மாமாவை வெளியேறச் சொன்னார். "சட்டத்தை மாத்து, ஏந்திரிக்கிறேன்" என்றார் மாமா. கூட்டம் ஆர்ப்பரித்தது. போலீஸ்காரர் லத்தியோடு நடந்து வந்தார். மூன்று நிமிஷம்தான் பாக்கி. கையெடுத்துக் கும்பிட்டேன். மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்.

"வந்து உக்காந்ததோட சரி, என்னால இனி ஏந்திரிக்க ஏலாதுலே. தூக்கிட்டுப் போ. போராட்டக்காரன இழுத்துட்டுப் போற மாதிரி தூக்கு."

நானும் மிக்கேலும் தூக்கினோம். வேட்டி விலகியபோது கால்கள் தெரிந்தன. குதிகாலிலிருந்து விரல் வரை தோலே இல்லை. எண்ணெய் பூசி, ஒரு வாரம் தீவின் பாறையிலும் மணலிலும் பதினோரு ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்திருக்கிறார்.

"மிக்கேலோடதுதான் ரொம்பக் கடிச்சிச்சு" என்றார். "இவனுக்குச் சின்னக் காலு."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. காக்கைகள் எங்கள் டீமின் பின்னாலேயே பறந்தன. மிக்கேல் கோல் போட்டபோது மாமா ஊதிய சங்கு கடல் தாண்டி மண்டபம் வரை கேட்டிருக்கும்.

ஆனால் அதற்கு முன்பே, மாமாவை ஓரத்தில் இறக்கி வேட்டியால் அவர் காலை மூடிவிட்டு, "பூட்ஸ் சட்டம் ஒழிக" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். செக்ரட்டரி அப்படிக் கத்தக் கூடாது. அழுகையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.