நாலு விரல் குறைந்த பெட்டி

சாகப் பயந்தவர்களுக்குப் பாப்பாமோட்டையில் வரிசை. விடிந்ததும் பேசாலையிலிருந்து இரண்டு வான், முசலியிலிருந்து ஒரு பஸ். சிலுவை தொங்கும் கழுத்து, நீறு பூசிய நெற்றி, தொப்பி போட்ட தலை எல்லாம் ஒரே தகரப் பந்தலின் கீழ். மன்னாரில் இவ்வளவு மத ஒற்றுமையை உண்டாக்கிய பெருமை நூல் ஐயா நவரத்தினத்துக்கே உரியது.

ஐயா உங்களை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு வெள்ளை நூலால் அளப்பார். அந்த நூலை வெட்டித் தீர்த்தக் குடத்தில் போடுவார். மூன்றாம் நாள் எடுத்து மறுபடி அளப்பார். ஒரு விரல் குறைந்திருந்தால் ஆயுள் இன்னும் ஆறு மாதம். நாலு விரல் குறைந்திருந்தால் நாற்பது நாள். குறையாத நூலை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் ஐயா இரக்கமுள்ளவர். பரிகார நூல் என்று வேறொன்று தருவார். அது அதே குடத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் மயிரளவும் குறையாது. எடுத்துக் கையில் கட்டிவிடுவார். ஆயுள் திரும்பிவிட்டது!

பேசாலையில் கிழிந்த வலைகளைப் பொத்தும் மில்ரனுக்கு நாலு விரல் குறைந்தது.

அவனுடைய இதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். “என்ன வேணும், என்ன வேண்டாம் எண்டு வீட்டிலை கதைச்சு எழுதி வையுங்கோ” என்றும் சொன்னார். மில்ரன் ஒழுங்கான மனிதன். உடனே கொப்பி வாங்கினான். மூக்கில் குழாய் வேண்டாம். கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டாம். கடல் கேட்கும் அறையில் கட்டில் போடவும். அடக்கத்துக்கு நீலக் கோட்டு வேண்டாம். கலியாணத்தன்றே அது இறுக்கம்.

மனைவி ஜூலியட் அதைப் பார்த்துவிட்டாள். “இஞ்சேருங்கோ, உயிரோடை இருக்கிற மனுசன் தன்ரை செத்தவீட்டுக்குப் பட்டியல் எழுதுறதே?”

“செத்தபிறகு எழுதினால் என்ரை எழுத்து வடிவாய் இராது, ஜூலியட்.”

அவள் சிரிக்கவில்லை. பாப்பாமோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது நாள் என்றதும் அழுதாள். பரிகார நூல் வந்தபோது அவள் காதில் தோட்டைக் காணவில்லை. கூடவே ஐயாவின் கட்டளையும் வந்தது: சாவை எழுதின கொப்பி திறந்திருந்தால் பரிகாரம் பலிக்காது. கொப்பி அலுமாரிக்குள் போனது. சாவி ஜூலியட்டின் இடுப்புக்குப் போனது.

மில்ரனுக்குத் தூக்கம் கெட்டது. நாளைக்கே மயங்கி விழுந்தால், பயத்தில் இவள் அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவாள். குழாய்களுக்கு நடுவில், யாரையும் தெரியாத ஒரு கட்டிலில் அவன் கதை முடியும்.

ஒரு நாள் வலை பொத்திக்கொண்டிருந்தபோது கையில் கட்டியிருந்த பரிகார நூல் விரலில் வழுக்கியது. மில்ரன் நிமிர்ந்தான். இது நைலோன் அல்லவா! முதல் அளந்தது பருத்தி. முப்பது வருடம் நூலோடு வாழ்ந்த விரல்களுக்கு இது தெரியாமலா போகும்? தெரிந்திருக்கும். பயந்தவன் விரலைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நனைந்த பருத்தி சுருங்கும் என்பதை, நைலோன் வலை வந்தபின் ஊரே மறந்துபோனது.

ஆனாலும் அவனுக்கு ஐமிச்சம். நான் பிழையாகவும் இருக்கலாமே? அப்படியானால் உயிரே இல்லாத ஒன்றை அளந்து பார்ப்போம்.

நடக்க முடியாதவர்களுக்கு ஐயா நூலைக் கொடுத்தனுப்புவார்; வீட்டில் அளந்து, அதே நீளத்தில் ஒரு தடியோடு திருப்பிக் கொடுக்கவேண்டும். படுக்கையில் கிடக்கும் மச்சானுக்கு என்று மில்ரன் ஒன்று வாங்கினான். நேரே இராசேந்திரத்தின் சவப்பெட்டிக் கடைக்குப் போய், புதுப்பெட்டி ஒன்றைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அளந்தான்.

“உனக்கோடா?” என்றான் இராசேந்திரம்.

“எனக்குப் பிறகு. முதல்லை இதுக்கு எவ்வளவு ஆயுள் எண்டு பாப்பம். மூண்டாம் நாள் இதை லொறியிலை பாப்பாமோட்டைக்குக் கொண்டு வா.”

அளந்த நூல் ஐயாவின் குடத்துக்குப் போனது. மூன்றாம் நாள், பந்தல் நிறையச் சனம். ஐயா குடத்திலிருந்து நூலை எடுத்தார், மில்ரன் கொடுத்த அளவுத் தடியோடு பொருத்தினார், கண்ணை மூடினார்.

“ஐயோ! நாலு விரல். நெஞ்சுக்குள்ளை கறுப்பு நிக்குது. நாற்பது நாள்தான். ஆளைக் கூட்டி வாங்கோ.”

“நடந்து வராது ஐயா. நாலு பேர் தூக்கவேணும்.”

தூக்கி வந்து இறக்கினார்கள். மினுங்கும் பித்தளைக் கைப்பிடிகளோடு பெட்டி ஐயாவின் முன்னால் கிடந்தது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

முசலியிலிருந்து வந்த ஷப்னாதான் முதலில் வெடித்தாள். “அல்லாஹ்வே, பெட்டி மௌத்தாகப் போகுதாம்!”

ஐயா விடவில்லை. “மரத்துக்கும் உயிர் இருந்ததுதானே!”

“அது வெட்டின அண்டைக்கே செத்துப்போச்சு ஐயா. செத்ததுக்கு இன்னும் நாற்பது நாளோ?” என்றான் மில்ரன்.

அவன் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் கேட்டான். தீர்த்தமில்லை, மந்திரமில்லை. ஐயா அளக்கும் பருத்தி நூல் ஒன்று, பரிகார நூல் ஒன்று, இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டிப் போட்டான். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். எடுத்தபோது பருத்தி சுருங்கியிருந்தது. நைலோன் அப்படியே இருந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்கள் தங்கள் கையிலிருந்த பரிகார நூலையும் தடவிப் பார்த்தார்கள்.

ஐயா பின்வேலிப் பக்கம் நகர்ந்தார். அங்கே, மில்ரனோடு வந்திருந்த ஜூலியட் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ரை தோடு.”

அன்று பின்னேரம் அலுமாரி திறந்தது. ஜூலியட் கொப்பியை மடியில் வைத்து வாசித்தாள். வாசிக்க நெடுநேரம் எடுத்தது.

“குழாய் வேண்டாம் எண்டதை நானே டொக்டரிட்டைச் சொல்லுறன். கட்டிலை நாளைக்கே கடல் பக்கம் போடுவம்.” மூக்கைத் துடைத்தாள். “ஆனால் நீலக் கோட்டுப் போடத்தான் வேணும்.”

“இறுக்கமடி!”

“முதுகுப் பக்கம் வெட்டி விடுறன். படுத்திருக்கிற ஆளின்ரை முதுகை ஆர் பாக்கிறது?”

மில்ரன் இருமும்வரை சிரித்தான். பிறகு இருவரும் கீழே கையெழுத்து வைத்தார்கள்.

பாப்பாமோட்டைப் பந்தல் இப்போது காலி. நூல் ஐயா வேறு ஊரில் குடம் வைத்திருக்கிறார் என்று கேள்வி. உங்கள் ஊருக்கும் வரலாம். வந்தால், உங்களை அளக்கவிட முன் அவருடைய காசுப் பெட்டியை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அதற்கும் நாற்பது நாள் என்றால் வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறவுங்கள். சாவு எல்லோருக்கும் வரும். யோசிக்கத்தான் எல்லோருக்கும் வருவதில்லை.