வால்ட்டர் மாமாவின் பனிவண்டி நீளமான விவரம்

கூட்டெனே மலை
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய வால்ட்டர் மாமாவுக்கு, உங்கள் மருமகள் லாரிசா பணிவுடன் எழுதுவது.

இங்கே அம்மா சுகம். நானும் சுகம். பனி மிக மிகச் சுகம். நேற்று மட்டும் முழங்கால் அளவுக்கு விழுந்தது. அரிசோனாவில் வெயிலும் மேபல் அத்தையின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். மேற்கொண்டு படிக்கும் முன் தயவுசெய்து உட்காருங்கள். அத்தை பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குத்தான்.

அக்டோபரில் கிளம்பும்போது நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு. ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கோ. வேற எதையும் தொடாதே." முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றில் இரண்டு. பல்கலைக்கழகத்தில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பார்கள்.

ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நீங்களும் அத்தையும் ஏப்ரல் பனியில், சீர் செய்த பாதையில் மெதுவாகப் போய், விடுதியில் ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டு, அதே பாதையில் திரும்பி வருகிறவர்கள். எங்கள் கூட்டம் அப்படியில்லை. மலைக்குடிசை வரைக்கும்தான் பாதை. அதற்கு மேலே, கிண்ணம் என்று நாங்கள் சொல்லும் மலைக்குழிவு. யாரும் மிதிக்காத பொடிப்பனி, செங்குத்தாக. ஏழு பேர் மேலே போவார்கள். எட்டாவது ஆள் நான். உங்கள் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை குட்டை, அதிலுள்ள துடுப்புகள் விரல் நக அளவு. பொடிப்பனியில் ஏற்றினால் முன்னால் போகாது, கீழே போகும். தனக்குத் தானே குழி வெட்டிப் படுத்துக்கொள்ளும். அதனால் மூன்று குளிர்காலமாக நான் குடிசையில் உட்கார்ந்து அடுப்புக்கு விறகு போடுகிறேன். அவர்கள் இறங்கி வருவார்கள். முகமெல்லாம் பனி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் சூப்பைச் சுடவைத்துக் கொடுப்பேன்.

எனக்குப் பெயரே அடுப்பு ராணி.

மாமா, ஒரே ஒரு தடவை அந்தக் கிண்ணத்தின் உச்சியில் நிற்க வேண்டும். இந்த உலகத்தில் இப்போதைக்கு எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைச் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் மன்னிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு. முயன்றேன். அறுபது அடி ஏறினேன். புதைந்தேன். நான்கு பேர் மண்வாரியால் தோண்டி எடுத்தார்கள். வெல்டிங் கடை டார்சியைத் தெரியுமல்லவா, அவள் தோண்டவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உங்க மாமா வண்டி பாதையில மகாராணிடி. இங்க அது எருமை."

"வாயை மூடிட்டுத் தோண்டு."

"தோண்டறதுல என்ன பிரயோஜனம்? அடுத்த வாரமும் இதே குழிதானே? என் கொட்டகையில ஒரு மலைவண்டி கெடக்கு. மரத்துல மோதி மூஞ்சி போச்சு, பட்டை நல்லா இருக்கு. நூத்தி அம்பத்து நாலு அங்குலம். உன்னோடது எவ்வளவு?"

"நூத்தி இருபத்தி ஒண்ணு."

"முப்பத்து மூணு அங்குலம்தான்டி உனக்கும் சொர்க்கத்துக்கும் நடுவுல."

அன்றைக்கு முழுக்க முப்பத்து மூன்று என்ற எண்ணைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். பட்டை நீண்டால் அதைத் தாங்கும் தண்டுகள் நீள வேண்டும், தண்டுகள் நீண்டால் மேலே மூடியிருக்கும் அலுமினியக் கூடு நீள வேண்டும், அதற்குத் தகடு வேண்டும், டார்சியிடம் இருந்த ஒரே பெரிய தகடு நெடுஞ்சாலைக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பலகை, மஞ்சள் நிறம், நடுவில் கருப்பாக ஒரு காட்டுமான், ஆகையால் இப்போது உங்கள் வண்டியின் பின்பக்கம் மான் கடக்கும் இடம் என்று எச்சரிக்கிறது, பெயின்ட் அடிக்கலாம் என்றேன், "அதுதான் அழகே, விடு" என்கிறாள் டார்சி. கூட்டின் பின்முனையை வெட்டியது நான்தான், மாமா, அவள் கையில் ரம்பத்தைக் கொடுக்க மனம் வரவில்லை, உங்கள் வண்டியல்லவா, வேறொருத்தி வெட்டுவதா, நான்கு முறை அளந்து, கண்ணை மூடாமல் வெட்டினேன். புதுப்பட்டையைச் சொருகி, எல்லாத் திருகாணியையும் இறுக்கி, ஸ்டார்ட் பண்ணி, ஒரு பத்தடி போனோம், உள்ளே யாரோ கரண்டி டப்பாவைத் தலைகீழாகக் கொட்டினாற்போல ஒரு சத்தம், டார்சி கையை ஆட்டிக் கத்துகிறாள், "நிறுத்து! நிறுத்துடி பாவி!" பட்டையைச் சுழற்றும் பல்சக்கரம் உங்கள் பழைய வண்டியுடையது, அதில் பல்லுக்குப் பல் இரண்டரை அங்குலம், புதுப்பட்டையிலோ கிட்டத்தட்ட மூன்று, இரண்டும் எங்கே சேரும், இதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தோணவே இல்லை, நான் இலக்கியம் படிச்சவ, சரி, அவ பொறந்ததிலேர்ந்து இதே வேலைதான் பார்க்கறா, அவளுக்கு என்ன கேடு? கேட்டேன். "நீ அளந்தேன்னு சொன்னியே" என்கிறாள். நான் அளந்தது கூட்டை!

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். மோதிய வண்டியின் பல்சக்கரத்தையே எடுத்து மாட்டினோம். இப்போது துடுப்புகள் உள்ளே கூட்டின் கூரையை உரசின. ரப்பர் வாசனை ஊர் முழுக்க. அச்சை ஓர் அங்குலம் கீழே இறக்கினோம். உரசவில்லை.

அந்த அமைதி. நானும் டார்சியும் குனிந்து பார்த்தோம். பட்டை காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. தொடாமல்.

அப்புறம் வெள்ளோட்டம். மலையில் சரிந்து ஏறுவதற்காக முன்சறுக்குக் கட்டைகளை நெருக்கி வைத்துவிட்டோம், அதனால் பாதையில் வண்டி குடித்தவனைப் போலச் சாய்கிறது, நீளமாகிவிட்டதால் திரும்பவும் மாட்டேன் என்கிறது, கர்லிங் மன்றத்துக்கு எதிரே இடதுபக்கம் திருப்பினேன், அது யோசித்தது, யோசித்துவிட்டு நேராகப் போய் அவர்களுடைய விறகு அடுக்கில் ஏறி நின்றது, உள்ளே பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு அதன் முன்னே தேய்த்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேய்க்கும் துடைப்பத்தோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். திரும்பும் வழியில் எஞ்சின் கொதித்தது. பட்டை வாரியடிக்கும் பொடிப்பனிதான் இதற்குக் குளிர்ச்சி, சீர் செய்த பாதையோ கல்லுமாதிரி, வாரியடிக்க என்ன இருக்கு? கால் கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி மண்வாரியால் பனியை அள்ளி அடியில் திணித்து, ஏறி, மறுபடி இறங்கி. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி ஊட்டிட்டே வரே?"

"பாதையிலதாம்மா இப்படி. மலையில சரியாயிடும்."

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"எழுதப்போறேன்."

"எழுது. நான் போன் பண்ண மாட்டேன். அந்தக் கத்தலை நீயே வாங்கிக்கோ."

ஆக, மாமா, நீங்கள் விட்டுப்போன பாதைவண்டி இப்போது பாதையில் ஓடாது. இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். நல்லவிதம் இல்லை. அத்தையின் இருக்கையும் முதுகுச் சாய்மானமும் எடைக்காகக் கழற்றப்பட்டு எங்கள் சமையலறையில் இருக்கின்றன. அம்மா அதில் சாய்ந்துதான் காபி குடிக்கிறாள். வசதி என்கிறாள்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இந்த ஞாயிறு வரைக்கும் பொறுங்கள். பனிச்சரிவு அபாயம் குறைவு என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரே ஏற்றம். திங்கட்கிழமை காலை வண்டியைப் பிரிக்கிறேன். கழற்றிய பாகங்கள் அனைத்தும் பதினோரு பெட்டிகளில், எண் போட்டு, எண்ணெய் தடவி இருக்கின்றன. வெட்டிய கூட்டை டார்சி தழும்பு தெரியாமல் ஒட்டித் தருவாள். ஏப்ரலில் நீங்கள் வரும்போது நூற்று இருபத்தோரு அங்குலத்துக்கு ஒரு நூல் கூடாது, குறையாது. இது சத்தியம். நான் உங்கள் மனத்தை நோகடித்துவிட்டேன், கேட்காமல் செய்தது தவறு, பெரிய தவறு. அக்டோபரில் கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. அதுவும் தவறு.

அத்தையின் முட்டி நலம்பெறவும், நீங்கள் அங்கே தங்கியிருக்கும் கூடார வண்டிக்கு எப்போதும் நிழல் கிடைக்கவும், இரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தையும் தாங்கவும் வேண்டிக்கொள்கிறேன். அம்மா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். டார்சியும் சொன்னாள்; அவளுடையது இப்போது வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள,
லாரிசா

பின்குறிப்பு: தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் வீட்டிலேயே இருந்தது. இன்று ஞாயிறு. இப்போதுதான் மலையிலிருந்து வந்தேன். கையுறையைக் கழற்றியதும் எழுதுகிறேன், கையெழுத்தை மன்னியுங்கள்.

மாமா, அது மூழ்கவில்லை.

குடிசையைத் தாண்டியதும் விசையை அழுத்தினேன். முகப்பு எழுந்தது. பனி மார்புக்கு வந்தது, தலைக்கு மேலே போனது, எதுவும் தெரியவில்லை, வெள்ளை. எஞ்சின் கொதிக்கவில்லை. அடியில் பட்டை எதையோ பிடித்து, மறுபடி பிடித்து, விடாமல் பிடித்து. பாதியில் ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். பாதையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்த அதே சாய்வு, அங்கே அதுதான் திரும்பும் விதம். அப்புறம் வெள்ளை விலகி நீலம் வந்தது. வண்டி சமநிலத்தில் நின்றுவிட்டது. ஏறுவதற்கு மேலே ஒன்றும் இல்லை.

டார்சி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். கிண்டலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்து, "இங்கயும் மகாராணிதான்டி" என்றாள். அவளைத் தெரிந்த நாளிலிருந்து இது முதல் தடவை.

ஆகையால் மேலே மன்னிப்புக் கேட்ட வரிகள், திங்கட்கிழமை, பதினோரு பெட்டிகள், சத்தியம், கீழ்ப்படிதல், எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வண்டியைப் பிரிக்க மாட்டேன். பதிலுக்கு உங்களுக்கும் அத்தைக்கும் சாதுவான வேறொரு பாதைவண்டி நானே தேடித் தருகிறேன்.

ஏப்ரலிலும் கிண்ணத்தில் பனி இருக்கும். வாருங்கள். நீங்களே ஒரு தடவை மேலே ஓட்டிப் போங்கள். இறங்கி வந்த பிறகு, பழையபடி ஆக்கித் தா என்று சொல்ல உங்களுக்கு மனம் வந்தால், சொல்லுங்கள்.