பணிமனைப் பாத்தியில் மூட்டுப்பூச்சி

வயலில் நிற்கும் பூச்சி, அரசாங்கம் அதை இன்னதென்று எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை பூச்சியாகாது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கடைசியில், சாவகச்சேரிப் பூச்சி இனங்காணல் பணிமனையின் நடைமுறை இதுதான். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பூச்சிமருந்துக்குப் பெரும் பஞ்சம். பணிமனையில் இருந்தது ஒரேயொரு போத்தல்.

ஞானாம்பிகையின் நெல் பால்பிடிக்கிற நேரம். வரம்புப் புல்லில் பெருகிய மூட்டுப்பூச்சி கதிரில் ஏறிப் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த எட்டுப் பரப்பு, அரை ஏக்கர் வயலும் பதரானால் வீட்டில் வருஷம் முழுக்கச் சோறில்லை. பத்துப் பூச்சியைப் பிடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு பணிமனைக்கு ஓடினாள்.

பொறுப்பதிகாரி தில்லைநாதன் அதைத் தொடவேயில்லை.

"மூட்டுப்பூச்சி, ஐயா. நசிச்சுப் பாருங்கோ, நாத்தமே சொல்லும்."

"படிவத்திலை நாத்தத்துக்கு இடமில்லை, பிள்ளை. பூச்சி தன்ரை இடத்திலை, சுயாதீனமாய்ப் புல்லு மேயேக்கை பார்த்துத்தான் இனங்காண வேணும். உது போத்தல்."

"அப்ப வயலுக்கு வாங்கோ. ரண்டு மைல்தானே."

"மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை."

"சைக்கிள் நிக்குதே, ஐயா."

"கள ஆய்வுக்கு உரிய வாகனம் மோட்டார்சைக்கிள் எண்டு சுற்றுநிருபம் சொல்லுது."

ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பூச்சியின்ரை இடத்தை இஞ்சை கொண்டுவரட்டோ?" என்றாள்.

தில்லைநாதன் சுற்றுநிருபத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தடையேதும் காணப்படவில்லை.

மறுநாள் அவள் வரம்புப் புல்லை மண்ணோடு கட்டியாய் வெட்டி, பூச்சி பறக்காமல் நுளம்புவலையால் மூடி, தலையில் சுமந்துவந்து பணிமனைப் பூப்பாத்தியில் நட்டாள். புல் வேர்பிடித்தால்தான் 'இயற்கைச் சூழல்' என்று அங்கீகரிக்கலாமாம். மூன்று நாள் தண்ணீர் ஊற்றினாள். அங்கே வயலில் பூச்சிகள் அங்கீகாரமில்லாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

நாலாம் நாள் தில்லைநாதன் பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்தார். மெல்லிய பச்சை உடல், நீண்ட கால், நாலு கணு உணர்கொம்பு என்று ஒவ்வொன்றாய் எழுதிமுடித்து எழுந்தார்.

"சந்தேகமில்லை. நெல்மூட்டுப்பூச்சி!"

ஞானாம்பிகை மருந்துக்குக் கை நீட்டினாள். அவரோ மருந்துப் போத்தலைத் தெளிகருவியில் கவிழ்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பூப்பாத்திக்கே அடித்தார்.

"ஐயா, என்ரை வயல்!"

"இனங்கண்ட இடத்துக்குத்தான் மருந்து. உங்கடை வயலிலை பூச்சி இருக்கெண்டதுக்கு என்ன அத்தாட்சி? பயனாளி எண்டு கையெழுத்து வையுங்கோ. அடுத்த முறை உங்களுக்குத்தான் முன்னுரிமை."

முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்டதும் பாவி மனுஷி கையெழுத்தும் வைத்துவிட்டாள்.

வெளியே வந்தால், படலை வாசலில் ஊர்ச்சனம் வரிசையாய் நின்றது. ஒவ்வொரு தலையிலும் மண்ணொழுகும் புல்லுக்கட்டி. முன்னுக்கு நின்றவர் பக்கத்து வயல்காரர் அருளம்பலம்.

"தங்கச்சி, பாத்தியிலை இடம் கிடக்கோ?"

"மருந்து முடிஞ்சுது, அண்ணை."

"அது வரேக்கை வரட்டும். முதல்லை இடத்தைப் பிடிப்பம்."

ஞானாம்பிகை ஒரு கணம் யோசித்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குத் திரும்பி ஓடினாள்.

"வேலியோர மூலை என்ரை, அண்ணை! நான்தான் முதல் வந்தனான்!"