ஞாயிற்றுக்கிழமைக் குதிரைக்காரர்

இந்த இனத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவின் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் அது கண்ணில் படாது. ஜெலுத்தோங்கில் டயர் கடையிலோ, ஜார்ஜ் டவுனில் வக்கீல் அலுவலகத்திலோ சாதாரண மனிதரைப் போல நடமாடிக்கொண்டிருக்கும். ஞாயிறு விடிந்ததும் முழங்கால் வரை ஏறும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு பை கேரட்டை எடுத்துக்கொண்டு, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, டுரியான் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் குதிரை லாயத்தில் வந்து இறங்கும். இறங்கியதும் ஒரு பெருமூச்சு.

"குதிரை வளக்கிறதுன்னா லேசு இல்ல லா."

லாயத்தில் முழுப் பராமரிப்பு என்று ஓர் ஏற்பாடு உண்டு. மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் விடியுமுன் தீவனம் வைப்பது, கொட்டிலைக் கூட்டிப் புது மரத்தூள் பரப்புவது, வெயில் ஏறினால் குளிப்பாட்டி மின்விசிறி போடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, லாடக்காரரை வரவழைப்பது, மழை வந்தால் மேய்ச்சலிலிருந்து ஓட்டி வருவது, இருமினால் மருத்துவரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் அவர்களே செய்வார்கள். அப்படியானால் குதிரைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொன்னேனே. பெருமூச்சு.

என் பக்கத்து வீட்டுக்காரர் கார்த்திகேசு இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. எனக்குக் குதிரை கிடையாது. அவர் காரில் ஓர் இருக்கை காலியாக இருப்பதால் கூடவே போய்வருகிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி, அதற்குக் கண்ணன் என்று பெயர் சூட்டியிருக்கிறார். லாயத்தில் அதைக் கவனிக்கும் ஹஸ்ருல் 'பூத்தே' என்று அழைக்கிறார். மலாய் மொழியில் வெள்ளை என்று பொருள். கார்த்திகேசு "கண்ணா" என்று கூப்பிட்டால் குதிரை புல்லைத் தின்றுகொண்டே இருக்கும். ஹஸ்ருல் "பூத்தே" என்றால் தலையைத் தூக்கும். "நான் கூப்ட்டது இப்பதான் அவனுக்குக் கேட்டிருக்கு," என்பார் கார்த்திகேசு.

வந்தவுடன் தீவனத் தொட்டியின் விளிம்பில் விரலை ஓட்டி, தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். வைக்கோலை மோந்துவிட்டு, பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போனவரைப் போலத் திருப்பி வைப்பார். லாடக்காரர் குனிந்து வேலை செய்தால் இவரும் குனிந்து, முன்னங்கால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அலைன்மெண்ட் பார்க்க வேண்டும் என்பார். டயர் கடை அனுபவம். பிறகு ஹஸ்ருலிடமிருந்து உடம்பு தேய்க்கும் பிரஷ் கட்டையை வாங்கிக் குதிரையின் முதுகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். எடுத்த கையோடு கட்டை திரும்பிப் போய்விடும். வாட்சப்பில் அந்தப் படம் வரும்போது, ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஹஸ்ருல் வெட்டப்பட்டிருப்பார். கயிறு மட்டும் எங்கிருந்தோ வந்து குதிரையின் கழுத்தில் முடியும்.

வார நாட்களிலும் பராமரிப்பு உண்டு. கடையில் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்து, லாயத்தின் நிர்வாகி சாந்தினிக்குச் செய்தி அனுப்புவார். கண்ணனைக் கொசு கடிக்கிறதா? கண்ணன் இன்று சோகமாக இருக்கிறானா? சாந்தினி பொறுமைசாலி. இல்லை அண்ணே, இல்லை அண்ணே என்று பதில் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் கண்டிப்பாகச் சொல்லும் விதி ஒன்றே ஒன்றுதான்: கேரட்டைத் தவிர வேறு எதைக் கொடுப்பதானாலும் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். வாசலிலேயே மூன்று மொழிகளில் எழுதி மாட்டியிருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுபவர் யார் தெரியுமா? கார்த்திகேசுதான்.

இப்படிப்பட்டவர் இந்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, அதுவும் ஒரு வார நாளில், தனியாக லாயத்துக்குப் போனார். மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளில் மாடில்லாத மனிதர் என்ன செய்வார்? நான்கு காலுள்ள ஒரு ஜீவன் அவருக்கு இருந்தது. மனைவி நல்லம்மாளிடம் லாயத்து வேலையாட்களுக்கு என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் வைக்கவைத்துப் பானையோடு தூக்கிக்கொண்டார். வேலையாட்கள் ஓய்வெடுக்கும் நண்பகல். குதிரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமந்தி மாலை போட்டு, ஒரு கைப்பிடி பொங்கலை ஊட்டினார். குதிரை உதட்டை நக்கியது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு கைப்பிடி. அப்புறம் இன்னொன்று. பானை காலியான பிறகு குதிரை மாலையிலிருந்த பூவையும் தின்று முடித்தது. குதிரையின் நெற்றியைத் துடைத்துவிட்டு, பானையைக் குழாயில் கழுவிக் காரில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவருக்குப் பேச வராது.

மாலையில் சாந்தினி தொலைபேசியில் அழைத்தார். குதிரை தரையைக் காலால் பிறாண்டுகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். கார்த்திகேசு என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் குடியிருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து மலையேறி இறங்குவதற்குள் அவர் குற்றம் சாட்டியவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன்: வைக்கோல், தண்ணீர், ஹஸ்ருல், வெயில், மீண்டும் ஹஸ்ருல்.

லாயத்தில் ஹஸ்ருல் குதிரையை வட்டமாக நடத்திக்கொண்டிருந்தார். படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்ற பயம். குதிரையின் உடம்பெல்லாம் வியர்வை. டாக்டர் ரூபினி அதன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இன்று புதிதாக என்ன தின்றது என்று கேட்டார். வழக்கமான தீவனம்தான் வைத்தேன் என்றார் ஹஸ்ருல். தீவனத்தை மாற்றியிருப்பார்கள், விசாரியுங்கள் என்றார் கார்த்திகேசு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குதிரை எங்கள் பக்கம் திரும்பியது. நெற்றி முடிக்குள் மிச்சமிருந்த குங்குமம் வியர்வையோடு வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் குதிரையைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"சாமி கும்பிட்டேன்," என்றார். "வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் ரூபினி குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், புல்லு அடைச்சிருந்தா அதுக்கு ஒரு வைத்தியம். சோறு, சக்கரை மாதிரி ஏதாச்சும் உள்ள போயிருந்தா வேற வைத்தியம். வயித்தக் கழுவி, இப்பவே நாலு காலையும் ஐஸ்ல வைக்கணும். இல்லன்னா குளம்பு உள்ளுக்குள்ளயே கெட்டுப்போயிரும். அப்புறம் நிக்கவே முடியாது. நிக்க முடியாத குதிரைய என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பந்தயக் குதிரை வாங்கிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கார்த்திகேசு தீவனத் தொட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் ஹஸ்ருலின் முன்னால் சொல்ல வேண்டும். அந்த நேரம் குதிரையின் முன்னங்கால்கள் மடிந்தன. ஹஸ்ருல் தோளைக் கொடுத்து அதை நிமிர்த்தினார்.

"பொங்கல் குடுத்தேன்," என்றார் கார்த்திகேசு. "கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா எவ்ளோ அண்ணே?" என்று கேட்டார் சாந்தினி.

"ஒரு வாய்."

"யாரு வாய்? உங்க வாயா, அது வாயா?"

"ஒரு பானை," என்றார். "நெய் அதிகம் இல்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். ஐஸுக்கு எங்கே போவது? ஹஸ்ருல் கடலோரத்து மீன் வியாபாரி ஒருவரை அழைத்தார். அவர் மீன் பெட்டிகளோடு வேனில் கொண்டுவந்து கொட்டினார். குதிரை நான்கு வாளிகளில் கால் வைத்து, கெம்போங் எனும் கானாங்கெளுத்தி மீன் நாற்றத்துக்கு நடுவே, மானம் போன ராஜாவைப் போல நின்றது. உருக உருக ஐஸை அள்ளிப் போட்டவர் கார்த்திகேசு. கை விறைத்துச் சிவந்துவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. படம் எடுக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவர் இந்த இனத்தைச் சேர்ந்தவரே இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

இருட்டும் வேளையில் குதிரை வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. குடல் வேலை செய்கிறது, பிழைத்துவிடும் என்றார் டாக்டர். ஒரு சாணக் குவியலைச் சுற்றி நின்று பெரியவர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கார்த்திகேசு ஹஸ்ருலின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாயத்தில் புதிதாகக் குதிரை விட்டிருந்த ஒரு வக்கீல் எங்களிடம் நலம் விசாரித்தார். கார்த்திகேசு கொட்டில் கதவில் சாய்ந்துகொண்டார்.

"டாக்டருக்கே புடிபடல. என்னா வயித்துவலின்னு முழிக்கிறாங்க. நாந்தான் சொன்னேன், பொங்கல்னு. நான் அன்னிக்கு இங்க இல்லன்னா கண்ணன் இன்னிக்கு இல்ல."

பின்னால் குனிந்து குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஹஸ்ருலுக்கு இத்தனை ஆண்டுகளில் தமிழ் நன்றாகவே புரியும். நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்களிடம் குதிரை இல்லை. சரி, உங்கள் அம்மா யார் வீட்டில் இருக்கிறார்? தங்கை வீட்டில்தானே? காலையில் மாத்திரை கொடுப்பது, குளிக்க வைப்பது, கிளினிக்குக்கு அழைத்துப் போய் வரிசையில் உட்காருவது எல்லாம் தங்கை. வாரம் ஒருமுறை ஜிலேபிப் பெட்டியோடு போய், அம்மா இளைத்துவிட்டார், நன்றாகக் கவனிக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, தங்கை அடுப்படிக்குள் போன நேரம் பார்த்து ஒன்றைப் பிட்டு அம்மா வாயில் வைத்தவர் யார்?

மறுநாள் காலையில் அம்மாவின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று தங்கையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு ஜிலேபி என்றால் உயிர்.