காலி டிரம்

ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் வீட்டில் ஒரு நீல டிரம்கூட இல்லையென்றால், கம்பெனியில் அவனுக்கு மதிப்பில்லை என்று பொருள். நானோ வேதியியல் எம்.எஸ்சி., உற்பத்தி மேலாளர். (உறவுக்கு என் மதிப்பைக் காட்ட வேண்டாமா?)

மகள் கல்யாணத்துக்கு முதல் நாள். நாகரசம்பட்டியில் மாமனார் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க ஒன்றும் போதவில்லை. கம்பெனி டிரம்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற அறிவிப்பில் கையெழுத்திட்டு ஒட்டியவனே நான்தான். இருந்தும், பாஸ்பரஸ் டிரைகுளோரைடு வந்த ஒரு டிரம்மை வண்டியில் ஏற்றி வந்தேன்.

மைத்துனன் அந்தோணி மூடியைத் திறந்தான். மறுநாள் திருமணப் பூசையில் பாடப்போகிறவன் அவன். (அவன் பாட்டுக்காகப் பங்குச் சாமியாரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.)

"மாமா, நெடி மூக்கைப் புடுங்குது. அடியில என்னமோ கெடக்குது பாருங்க."

"காலிதான்டா. தண்ணி ஊத்தி அலசு, போயிடும்."

அந்தத் திரவம் தண்ணீர் பட்டதும் கொதித்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கக்கும். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தோணி, வாசலில் நின்ற தண்ணீர் டேங்கரின் குழாயை உள்ளே விட்டுக் குனிந்து பார்த்தான். டிரம் உறுமியது. வெள்ளைப் புகை அவன் முகத்தில் பீறிட்டது. டேங்கர் டிரைவர் "ஹொகே! ஹொகே!" என்று புகைக்கான கன்னடச் சொல்லைக் கூவிக்கொண்டே மாந்தோப்புக்குள் ஓடினார். அவர் பின்னால் பந்தல்காரர்கள், சமையல்காரர். எல்லோருக்கும் முன்னால் நான். தம்பியை இழுத்துவந்தது என் மனைவி செலின்.

"டிரம்ல என்னங்க இருந்துச்சு?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"ஏதோ சோப்பு ஆயில்னு நெனைக்கிறேன், சார்." வேலை போய்விடுமே என்ற பயம்.

செலின் என்னையே பார்த்தாள். "ஏங்க, அவன் என் தம்பிங்க."

அப்புறம்தான் பெயரைச் சொன்னேன். அதற்குள் அவன் தொண்டை வீங்கி மூச்சு திணறியது. முன்பே சொல்லியிருந்தாலும் குரல் தப்பியிருக்காது என்றார் பிறகு பார்த்த ஒரு டாக்டர். இன்னொருவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நினைவில் நிற்பவர் அந்த இரண்டாமவர்.

மறுநாள் பூசை பாட்டில்லாமல் நடந்தது. என் வேலை போகவில்லை.

இன்றும் எந்த விசேஷத்திலும் அந்தோணி காலி டம்ளரை என் முன் நீட்டுவான். "மாமா, இதுல தண்ணி ஊத்தலாமா?" என்பான், உப்புத்தாளில் தேய்த்தது போன்ற குரலில். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு அவனுக்கு இருமல் வரும். அது அடங்கும்வரை யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.